உழைப்பு வேறு, பாடு வேறு, முயற்சி வேறு

"இத்தனை காலம் பாடுபட்டு என்னத்தைக் கண்டோம்?" லயத்து வாசலிலும் பெரட்டுக்களத்திலும் இந்தப் பேச்சைக் கேட்காத நாளில்லை. மேடையில் பேச வருகிறவர்களோ, "முயற்சி செய்தால் முன்னேறலாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். விடியுமுன் எழும்பி அடுப்பு மூட்டி, கைக்குழந்தையைப் பிள்ளைமடுவத்தில் விட்டுவிட்டு மலைக்கு ஏறுகிற ஒரு தாய்க்கு இதைக் கேட்டால் கோபம் வரத்தானே செய்யும்? அந்தக் கோபம் நியாயமானதே. மூன்று சொற்களை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால் வருகிற வினை இது. அவற்றைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

உழைப்பு என்பது உடம்பாலும் நேரத்தாலும் நாம் கொடுப்பது. கொழுந்து எடுப்பது, கவ்வாத்து வெட்டுவது, கான் வெட்டுவது எல்லாம் உழைப்பு. இதை நிறுக்கலாம், எண்ணலாம், செக்ரோலில் பேர் போடலாம். உழைப்புக்குக் கூலி உண்டு.

பாடு என்பது நாம் அனுபவிக்கும் கஷ்டம். "படு" என்ற சொல்லில் இருந்து வந்தது. மழையில் நனைவது, அட்டை கடிப்பது, வழுக்குப் பாதையில் கூடையைச் சுமந்து இறங்குவது எல்லாம் பாடு. பாட்டுக்குச் சம்பளம் கிடையாது. பாடு கூடினால் பலன் கூடும் என்றும் இல்லை. ஆகவே குறைக்கக்கூடிய பாட்டைக் குறைத்துக்கொள்வது சோம்பேறித்தனம் ஆகாது.

முயற்சி என்பது ஒரு குறியை வைத்துக்கொண்டு செய்வது. ஒரு வழி சரிவராவிட்டால் மறுவழி பார்ப்பது. "எங்கே போகிறோம்? எதனால் தடைப்பட்டது?" என்ற கேள்வி இருந்தால்தான் அது முயற்சி. கேள்வி இல்லாமல் செய்ததையே திரும்பத் திரும்பச் செய்தால் அது உழைப்பு மட்டுமே.

அலவாங்கு சொல்லும் பாடம்

நம் பிள்ளைகளின் விஞ்ஞானப் புத்தகத்தில் "எத்தனம்" என்று ஒரு சொல் வரும். நெம்புகோலில் நாம் கொடுக்கும் விசைக்கு அந்தப் பெயர். தூக்கவேண்டிய பாரம் சுமை. அலவாங்கு சாய்ந்து நிற்கும் இடம் பொறுதி.

ஐந்து அடி அலவாங்கால் ஒரு கல்லைக் கிளப்புகிறோம் என்று வைத்துக்கொள்வோம். கல்லுக்கு ஒரு அடி தூரத்தில் முட்டுக் கொடுத்தால் கைப்பக்கம் நாலு அடி இருக்கும். அப்போது 80 கிலோ சுமையைக் கிளப்ப ஏறக்குறைய 20 கிலோ அளவு அமுக்கினால் போதும். அதே முட்டை அலவாங்கின் நடுவில் வைத்தால் 80 கிலோவும் நம் தோளுக்குத்தான். ஆளும் அதே ஆள், கல்லும் அதே கல். முட்டுக் கொடுத்த இடம்தான் வித்தியாசம். எவ்வளவு பலம் போடுகிறோம் என்பதைப் போலவே, எங்கே போடுகிறோம் என்பதும் முக்கியம்.

சேமலாப நிதியில் பார்ப்போம்

ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் 1958இல் வந்தது. உங்கள் சம்பளத்தில் நூற்றுக்கு 8 பிடிக்கப்படுகிறது. தோட்டம் நூற்றுக்கு 12 சேர்த்துக் கட்டவேண்டும். 1980ஆம் ஆண்டுச் சட்டப்படியான நம்பிக்கை நிதிக்கு நூற்றுக்கு 3 தோட்டமே கட்டவேண்டும். இது முப்பது வருட உழைப்பின் சேமிப்பு.

ஆனால் செக்ரோலில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர், பிறப்புச் சான்றிதழில் வேறொன்று என்றிருந்தால், விலகிப்போகும் காலத்தில் அந்தக் காசை எடுக்க அலையவேண்டி வரும். ஒரு எழுத்து மாறினாலும் கேள்வி கேட்பார்கள். வயதான காலத்தில் பஸ் ஏறி இறங்கி அலைவது பாடு. அடையாள அட்டையைக் கொண்டுபோய்த் தோட்டக் காரியாலயத்தில் இன்றைக்கே ஒப்பிட்டுப் பார்ப்பது முயற்சி. வித்தியாசம் இருந்தால் வேலையில் இருக்கும்போதே எழுத்தில் கொடுத்துத் திருத்தம் கேளுங்கள். கொடுத்த கடிதத்தின் பிரதி ஒன்று உங்கள் கையில் இருக்கட்டும். முப்பது வருட உழைப்பைக் காப்பாற்ற அரைநாள் முயற்சி பெரிதா?

தனி ஆளால் ஆகாதது

எல்லாக் கல்லும் ஒருவர் கைக்கு அசையாது. 1984க்கு முன் தோட்டத்தில் பெண்ணுக்கு நாட்சம்பளம் ஆணைவிடக் குறைவு. பெண்களின் உழைப்புக் குறைந்ததாலா? இல்லவே இல்லை. தனித்தனியாக எவ்வளவு கொழுந்து எடுத்தாலும் அந்த வித்தியாசம் மாறியிருக்காது. அந்த ஆண்டு தொழிற்சங்கங்கள் சேர்ந்து நின்ற பிறகுதான் சமசம்பளம் வந்தது. அது கூட்டு முயற்சி.

பரீட்சையில் தவறிய பிள்ளையிடம் "நீ முயற்சி செய்யவில்லை" என்று சொல்லுமுன்னும் இதை நினைக்கவேண்டும். காம்பராவில் படிக்க ஒரு மூலை, ஒரு விளக்கு, சத்தமில்லாத ஒரு மணித்தியாலம் கிடைத்ததா? அதைக் கொடுப்பது நம் பங்கு. ஒரே கொப்பியைப் பத்துத் தடவை வாசிக்காமல், பழைய வினாத்தாள்களைச் செய்து பார்த்துப் பிழைத்த இடத்தைத் திருத்துவது பிள்ளையின் பங்கு.

தலையெழுத்து என்று சொல்லிவிடுகிறோம். திருக்குறளில் 38ஆம் அதிகாரம் ஊழைப் பற்றிப் பேசுகிறது. ஆனால் வள்ளுவர் அதோடு நிறுத்தவில்லை. 62ஆம் அதிகாரத்தை "ஆள்வினையுடைமை" என்று முயற்சிக்கே ஒதுக்கி, தளராது முயல்கிறவர் ஊழையும் பின்தள்ளுவார் என்று அதை முடிக்கிறார்.

உழைப்புக்கு நம் சனத்துக்கு யாரும் பாடம் சொல்லத் தேவையில்லை. அலவாங்குக்கு முட்டு எங்கே வைப்பது என்பதை மட்டும் வீட்டில் நாலு பேராகக் கூடி யோசிப்போம். முதல் வேலையாக, அந்த அடையாள அட்டையை எடுத்துப் பாருங்கள்.