சட்டைப்பைப் பாட்டு கூடத்துக்கு வரட்டும்!



"கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன்?" என்பார்கள் நம் பெரியவர்கள். பாட்டுக் கேட்கும் விஷயத்தில் நம் தீவுகளில் பல தமிழ்க் குடும்பங்களின் நிலை இன்று இதுதான். கூடத்தில் நல்ல ஸ்டீரியோப் பெட்டி துணி போர்த்தியபடி சும்மா இருக்கிறது. பிள்ளைகளின் செல்பேசியிலோ நூற்றுக்கணக்கான பாட்டுகள். ஆளுக்கொரு மூலையில் காதில் மாட்டிக்கொண்டு கேட்கிறார்கள். பாட்டியின் காதுக்கு ஒன்றும் எட்டுவதில்லை. இணையம் நின்றுபோனால் பிள்ளைகளுக்கும் பாட்டு இல்லை.

கையடக்கக் கருவியையும் கூடத்துப் பெட்டியையும் சேர்த்துவைக்க அதிகச் செலவு ஆகாது. இணையமும் தேவையில்லை. அதை விளக்கவே இக்கட்டுரை.

1979 ஜூலையில் சோனி நிறுவனம் வாக்மேனை விற்பனைக்குக் கொண்டுவந்தது. வீடே கூடிக் கேட்ட பாட்டு அன்றிலிருந்து ஒருவர் காதுக்குள் அடங்கத் தொடங்கியது. 2001 அக்டோபரில் ஆப்பிள் நிறுவனத்தின் ஐபாட் வந்து, ஆயிரம் பாட்டுகளைச் சட்டைப்பைக்குள் கொண்டுவந்தது. 2022 மே மாதத்தில் அந்த வரிசை நிறுத்தப்பட்டுவிட்டது. இப்போது அந்த வேலையைச் செல்பேசி பார்க்கிறது. ஆனாலும் பழைய ஐபாடும் எம்.பி.3 கருவியும் பல வீட்டு மேஜைகளில் இன்னும் உயிரோடுதான் கிடக்கின்றன. அவற்றைத் தூக்கி எறிய வேண்டாம்.

முதல் வழி: ஒரே ஒரு கம்பி

கருவியின் இயர்ஃபோன் துளையில் செருகும் 3.5 மி.மீ. முனை ஒருபுறமும், சிவப்பு வெள்ளை ஆர்.சி.ஏ. முனைகள் இரண்டு மறுபுறமும் உள்ள கம்பி கடைகளில் கிடைக்கும். சிவப்பு வலப்பக்க ஒலிக்கு, வெள்ளை இடப்பக்க ஒலிக்கு. ஸ்டீரியோவின் பின்புறத்தில் 'ஆக்ஸ்' அல்லது 'லைன் இன்' என்று எழுதியிருக்கும் துளைகளில் செருகுங்கள். 'ஃபோனோ' என்ற துளையை மட்டும் தொட வேண்டாம். அது இசைத்தட்டு ஊசியிலிருந்து வரும் மிக மெல்லிய ஒலியலையைச் சுமார் 100 மடங்கு பெருக்குவதற்காக அமைந்தது. செல்பேசியை அதில் இணைத்தால் பாட்டு கரகரக்கும். கருவியின் ஒலி அளவை முக்கால் பங்குக்கு மேல் வைத்துவிட்டு, கூட்டுவதையும் குறைப்பதையும் ஸ்டீரியோவில் செய்துகொள்ளுங்கள்.

புதிய செல்பேசிகள் பலவற்றில் இயர்ஃபோன் துளையே இல்லை. அவற்றுக்கு யு.எஸ்.பி.-சி வாயில் செருகும் சிறு இணைப்பான் வேண்டும். மடிக்கணினியை இணைக்கும்போது 'ங்...' என்ற இரைச்சல் கேட்டால், சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் கோளாறு எர்த் இணைப்பில்; ஸ்டீரியோவில் அல்ல. நம் உப்புக்காற்றில் செருகிகள் பச்சை பூத்துப்போவதும் உண்டு. மாதம் ஒருமுறை உலர்ந்த துணியால் துடைப்பது நல்லது.

இரண்டாம் வழி: ப்ளூடூத்

ப்ளூடூத் ஏற்பான் என்ற சிறு பெட்டியை ஸ்டீரியோவின் ஆக்ஸ் துளையில் மாட்டிவிட்டால் செல்பேசிக்குக் கம்பி வேண்டாம். சௌகரியம்தான். ஆனால் சுமார் 10 மீட்டருக்கு அப்பால் போனால் பாட்டு விட்டுவிட்டுக் கேட்கும். பேசியில் அழைப்பு வந்தால் பாட்டு நின்றுவிடும். செல்பேசிக்காரர் கடைக்குப் புறப்பட்டால் பாட்டும் கூடவே புறப்பட்டுவிடும்.

மூன்றாம் வழி: வீட்டு வலை

இங்கேதான் பலருக்குக் குழப்பம். வை-ஃபை என்றால் இணையம் என்று நினைத்துக்கொள்கிறோம். இரண்டும் வேறு. வீட்டிலுள்ள ரௌட்டர் பெட்டி, செல்பேசி, கணினி, தொலைக்காட்சி ஆகியவற்றைத் தமக்குள் பேசவைக்கும் ஒரு சிறு நிலையம். வெளியுலகத் தொடர்பு அதன் இன்னொரு வேலை மட்டுமே. வெளித்தொடர்பு அறுந்தாலும், மின்சாரம் இருக்கும்வரை உள்ளே பேச்சு நடந்துகொண்டே இருக்கும்.

நம் தீவுகளுக்கு இது முக்கியம். நெடுங்காலம் செயற்கைக்கோளை நம்பியே இங்கு இணையம் ஓடியது. 2020 ஆகஸ்டு 10 அன்றுதான் சென்னையிலிருந்து கடலடி வழியே வரும் சுமார் 2,300 கி.மீ. கண்ணாடி இழை வடம் தொடங்கிவைக்கப்பட்டது. அது போர்ட் பிளேயரோடு (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) ரங்கத், லிட்டில் அந்தமான், கார் நிகோபார் முதலிய இடங்களையும் இணைக்கிறது. நிலைமை எவ்வளவோ மேல். இருந்தாலும் வடமோ ஊருக்குள் வரும் கம்பியோ பழுதானால் பாட்டு நிற்கத்தான் செய்யும். செயலிக்குள் இறக்கிய பாட்டும் அந்தச் செயலிக்குள்ளேயே பூட்டியிருக்கும். சந்தா நின்றால் அதுவும் போயிற்று. பாட்டு நம் வீட்டிலேயே கோப்பாக இருந்தால் இந்தக் கவலை இல்லை.

செய்முறை எளிது. பழைய மடிக்கணினி ஒன்றில் பாட்டுகளைச் சேருங்கள். எம்.பி.3 கருவியை யு.எஸ்.பி. கம்பியால் இணைத்தால் பென் டிரைவ் போலத் தெரியும். பழைய ஐபாடில் பாட்டுகள் மறைவான கோப்புறையில் புரியாத பெயர்களோடு இருக்கும். பிரதி எடுத்தபின் இசைச் செயலியில் திறந்தால் உண்மைப் பெயர் தெரியும். பிறகு ஜெல்லிஃபின் போன்ற இலவச மென்பொருளை அந்தக் கணினியில் நிறுவுங்கள். வீட்டுச் செல்பேசிகளும், ஸ்மார்ட் டி.வி.க்கள் பலவும் அந்தப் பாட்டுகளை எடுத்து ஒலிக்கும். டி.வி.யின் ஒலி வெளியீட்டை ஸ்டீரியோவுடன் இணைத்துவிட்டால் கூடம் தயார். எல்லாக் கருவிகளும் ஒரே வை-ஃபை பெயரில் இருக்கவேண்டும். விருந்தினருக்கான தனிப்பெயரில் ஒன்று சேர்ந்திருந்தால் அது மற்றவற்றின் கண்ணில் படாது. சுவர் கனமான வீடுகளில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை நன்றாக எட்டும்.

பாட்டைவிட அரிய ஒன்று

தொலைபேசி அரிதாக இருந்த நாளில் நம்மவர் பலர் கடிதத்துக்குப் பதில் கேசட்டில் பேசி அனுப்பினார்கள். 1986-இல் என் தாயார் ஊரிலிருந்து அனுப்பிய கேசட் சென்னையில் கப்பலேறி, மூன்று நாள் கடலில் வந்து ஹாடோ துறைமுகத்தில் இறங்கியது. கிணற்றில் நீர் ஊறியது, பசு கன்று போட்டது, யார் யாருக்குக் கல்யாணம் என்றெல்லாம் சொல்லிவிட்டு, தாம் இன்னும் பார்க்காத பேத்திக்கு ஒரு தாலாட்டுப் பாடியிருக்கிறார். நடுவே ஒரு சேவல் கூவும். அந்தப் பேத்தியின் மகன் இப்போது வீட்டு வலையில் "கொள்ளுப்பாட்டி" என்ற பெயரைத் தொட்டு அதைக் கேட்கிறான். நாங்கள் வீட்டில் பேசாத பல ஊர்ச் சொற்களை அவன் அந்தக் குரலிலிருந்தே கற்றுக்கொண்டான். இந்தக் குரல் எந்தக் கடையிலும் எந்தச் செயலியிலும் கிடைக்காது.

1964 ஒப்பந்தத்தின் கீழ் இலங்கையிலிருந்து வந்து கச்சால் ரப்பர்த் தோட்டத்தில் குடியேறிய குடும்பங்களும் நம்மில் உண்டு. 2004 டிசம்பர் 26 அன்று வந்த ஆழிப்பேரலையில் வீட்டோடு இப்படிப்பட்ட பெட்டிகளையும் பறிகொடுத்தவர்களுக்கு, மிஞ்சிய ஒரு கேசட்டின் அருமை தெரியும்.

ஈரக்காற்றில் நாடாவில் வெள்ளைப் பூஞ்சை பிடிக்கும். அப்படிப்பட்டதை அப்படியே ஓட்டாதீர்கள். நாடாவும் கெடும், டேப் ரிக்கார்டரின் தலையும் அழுக்காகும். தெரிந்தவரிடம் கொடுத்துச் சுத்தம் செய்த பிறகே ஓட்டுங்கள். நல்ல கேசட்டை டேப் டெக்கின் 'லைன் அவுட்' துளையிலிருந்து கணினிக்கு இணைத்து, ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் பதியலாம். 60 நிமிடக் கேசட் ஒன்று சாதாரண எம்.பி.3 தரத்தில் 60 மெகாபைட்டுக்குள் அடங்கும். 32 கிகாபைட் பென் டிரைவ் ஒன்றில் 500 கேசட்டுக்கு மேல் கொள்ளும். உறவினர் குரலை மட்டும் சுருக்காத முழுத்தரத்திலும் ஒரு பிரதி எடுத்து, தாய்நாட்டு உறவினர் வீட்டில் ஒன்று கொடுத்துவையுங்கள்.

தென்மேற்குப் பருவமழை மே மாதப் பிற்பாதியில் முதலில் தொடுவது நம் தீவுகளைத்தான். அதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை பரண்மேல் உள்ள கேசட் பெட்டியை இறக்குங்கள். கம்பி மாட்டும் வேலையைப் பிள்ளைகளிடம் விடுங்கள்; அவர்களுக்குக் கைவந்த கலை. எந்தக் குரல் யாருடையது என்று சொல்லும் வேலை பெரியவர்களுடையது. அதைச் சொல்ல அவர்கள் நம்மோடு இருக்கும்போதே செய்துவிடுவோம்.