கிளைப்பாதைகளைக் காத்த சிவப்பு வண்டி

1990களின் முற்பகுதியில் ஜேர்மனியின் சிறு நகரங்களில் வாழ்ந்த எம்மவர்களிற் சிலர் அதனைக் கண்டிருக்கக்கூடும். பஸ் வண்டியொன்றைத் தூக்கித் தண்டவாளத்தில் வைத்தாற்போன்ற தோற்றம், சிவப்பு நிறம், உறுமும் ஒலி. 'ஷீனன்புஸ்' என்பது அதன் பெயர். தமிழில் தண்டவாளப் பேருந்து எனலாம்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் மேற்கு ஜேர்மனியின் கிராமப்புறக் கிளைப்பாதைகள் பல நட்டத்திலேயே இயங்கின. பத்துப் பதினைந்து பயணிகளுக்காக நீராவி இயந்திரம் ஓடுவதாயின் நிலக்கரி வேண்டும், தண்ணீர் வேண்டும், சாரதியுடன் தீயூட்டுபவரும் வேண்டும். புறப்படுவதற்குப் பல மணி நேரம் முன்னரே கொதிகலனைச் சூடாக்கவும் வேண்டும். பாதையை மூடிவிடுவதே மலிவு என்ற நிலை. கிறேபெல்ட் நகரின் ஊர்டிங்கன் பகுதியிலிருந்த வண்டித் தொழிற்சாலை 1950இல் இதற்கு மாற்று ஒன்றை உருவாக்கியது. இரண்டே அச்சுக்கள், இலேசான உடல், தரையின் கீழே பியூசிங் டீசல் இயந்திரம், ஓட்டுவதற்கு ஒருவர், அவ்வளவுதான்.

ஒற்றை இயந்திரம் மலைப்பாதைகளுக்குப் போதவில்லை. எனவே தலா 150 குதிரைவலுவுடைய இரு இயந்திரங்கள் பொருத்திய வகை 1955 முதல் தொடராகத் தயாரிக்கப்பட்டது. அதன் உச்ச வேகம் மணிக்கு 90 கிலோமீற்றர். சாரதிக்கும் பயணிகளுக்கும் இடையே சுவர் கிடையாது. முன்னிருக்கையில் அமர்ந்தவர் பாதை முழுவதையும் பார்த்துக்கொண்டே செல்லலாம். இன்றைய வண்டிகள் பலவற்றில் இவ்வின்பம் இல்லை. குலுக்கல் அதிகம் என்பதையும் மறைப்பதற்கில்லை.

'கிளைப்பாதைகளின் மீட்பர்' என்று அது போற்றப்பட்டது. ஆயினும் மோட்டார்க் கார்கள் பெருகியபோது பல பாதைகளை அதனாலும் காக்க முடியவில்லை. தப்பிய பாதைகள் சிலவற்றில் இன்று புதிய டீசல் வண்டிகள் ஓடுகின்றன. பழைய சிவப்பு வண்டிகளை ஆர்வலர் சங்கங்கள் பேணி, விடுமுறை நாட்களில் ஓட்டுகின்றன.

இவ்வண்டியின் விளையாட்டு மாதிரியும் புகழ்பெற்றதே. 'ஹா-நுல்' எனப்படும் 87இல் ஒரு பங்கு அளவில், ஏறத்தாழ 14 மீற்றர் நீளமான வண்டி 16 சென்ரிமீற்றராகச் சுருங்குகிறது. கடுகதி வண்டியின் நீண்ட பெட்டிகள் இறுக்கமான வளைவில் அழகாயிரா. இதுவோ 36 சென்ரிமீற்றர் ஆரையுள்ள வளைவிலும் இயல்பாகத் திரும்பும். இரண்டறை வீட்டில் வாழும் குடும்பத்துக்கு ஒரு மீற்றர் அகலப் பலகை போதும்.

பழைய பொருட் சந்தையில் பிள்ளைக்கு இதனை வாங்க எண்ணும் பெற்றோர் ஒன்றைக் கவனிக்கவேண்டும். மேர்க்கிளின் நிறுவனத்தின் 'ஹா-நுல்' பாதையில் நடுவேயும் மின்தொடுகை உண்டு. ஏனைய பெரும்பாலான நிறுவனங்களின் பாதையில் இரு தண்டவாளங்கள் மாத்திரமே. ஒன்றுக்குரிய வண்டி மற்றதில் ஓடாது. விற்பவரிடம் எந்த வகை என்று கேட்டு, இயலுமாயின் ஓட்டிக் காட்டச் சொல்லிய பின்னரே பணத்தைக் கொடுங்கள்.