பழைய மோட்டார் சைக்கிள் வாங்கப் போகிறீர்களா?

காலை 6 மணி ஷிப்டுக்குப் பீனியா போய்ச் சேர வேண்டும். வீடு இருப்பதோ ஸ்ரீராமபுரத்தில். ஒரு பஸ் தவறினால் அரை நாள் சம்பளம் போய்விடும். பெங்களூரில் பிழைக்க வந்த தொழிலாளிக்குச் சொந்த வண்டி ஆடம்பரம் அல்ல. வேலையைக் காப்பாற்றும் துணை.

புது வண்டியின் விலை, வரி, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்தால் லட்சத்தை நெருங்குகிறது. பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடிய வண்டி கால்வாசி விலைக்குக் கிடைக்கிறது. ஆனால் சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கதையாகிவிடக் கூடாது.

முதலில் காகிதம், பிறகு எஞ்சின்

வண்டி பார்க்கப் போகிறவர்கள் எல்லோரும் முதலில் எஞ்சின் சத்தத்தைத்தான் கேட்கிறார்கள். ஆனால் முதலில் கேட்க வேண்டியது ஆர்.சி. புத்தகம். கெட்டுப்போன எஞ்சினைப் பணம் கொடுத்துச் சரி செய்துவிடலாம். வில்லங்கம் உள்ள காகிதத்தைச் சரி செய்ய ஆயுள் போதாது.

ஆர்.சி.யில் உள்ள எஞ்சின் நம்பரையும் சேஸிஸ் நம்பரையும் வண்டியில் பொறித்திருப்பதோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட வேண்டும். அந்த இடத்தில் அரம் போட்டுத் தேய்த்த அடையாளமோ, எழுத்துக்கள் கோணலாகவோ இருந்தால், பேச்சை வளர்க்காமல் திரும்பிவிடுவது நல்லது.

பதிவு 15 ஆண்டுகளுக்குத்தான் செல்லும். அதன் பிறகு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வண்டியைக் காட்டி, ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். 14 வயது வண்டியை வாங்குகிறவர் அந்தச் செலவையும் அலைச்சலையும் சேர்த்தே வாங்குகிறார்.

ஆர்.சி.யில் பாங்கு அல்லது பைனான்ஸ் கம்பெனியின் பெயர் இருந்தால், கடன் தீர்ந்த சான்றிதழும், அவர்கள் கையெழுத்திட்ட 35-ம் எண் படிவமும் வேண்டும். இன்சூரன்ஸ் உயிரோடு இருக்கிறதா, போலீஸ் அபராதம் பாக்கி உண்டா என்பதை வண்டி நம்பரைக் கொண்டு செல்போனிலேயே பார்த்துவிடலாம்.

"ஊரில் மலிவாகக் கிடைக்கிறதே!" என்று தமிழ்நாட்டு வண்டியைக் கொண்டு வருகிறவர்கள் உண்டு. வேறு மாநில வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால், மறுபதிவு செய்தாக வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம். ஊர் ஆர்.டி.ஓ.வின் தடையில்லாச் சான்றிதழ் வேண்டும். கர்நாடகத்தில் சாலை வரியும் கட்ட வேண்டும். இந்தச் செலவைக் கூட்டிப் பார்த்தால் மலிவு பெரும்பாலும் காணாமல் போய்விடும்.

வண்டியே உண்மையைச் சொல்லும்

"நான் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்" என்று விற்பவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். போனதும் எஞ்சினைத் தொட்டுப் பார்க்க வேண்டும். சூடாக இருந்தால், குளிரில் கிளம்பாத குறையை மறைக்கிறார் என்று சந்தேகப்படலாம்.

நான்கு ஸ்ட்ரோக் வண்டியில் நீலப் புகை வந்தால் எஞ்சின் ஆயில் எரிகிறது; பிஸ்டன் ரிங், வால்வு சீல் என்று செலவு காத்திருக்கிறது. கறுப்புப் புகை என்றால் பெட்ரோல் அதிகம் போகிறது. அது பெரும்பாலும் சின்ன வேலை.

கிலோமீட்டர் மீட்டரை நம்ப வேண்டாம். பிரேக் பெடலையும் கால் வைக்கும் ரப்பரையும் பாருங்கள். மீட்டர் 20 ஆயிரம் காட்டும்போது ரப்பர் வழுவழுவென்று தேய்ந்திருந்தால், பொய் சொல்வது ரப்பர் அல்ல.

நடு ஸ்டாண்டில் நிறுத்தி, முன் சக்கரத்தைத் தூக்கி, ஹாண்டில்பாரை மெதுவாகத் திருப்ப வேண்டும். நடுவில் 'டக்' என்று பிடித்தால் கோன் செட் தேய்ந்திருக்கிறது. பின் சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டினால் ஆட்டம் தெரியக் கூடாது. ஹாண்டில் கழுத்தருகே புது வெல்டிங்கோ, அங்கே மட்டும் புதுப் பெயிண்டோ இருந்தால், வண்டி பலமாக அடிபட்டதென்று அர்த்தம். அதை வாங்கவே கூடாது.

டயரின் ஓரத்தில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. பட்டன் தேயாமல் இருந்தாலும் பழைய ரப்பர் மழையில் வழுக்கும்.

ஆசை வேறு, தேவை வேறு

எஸ்டி, ஆர்.எக்ஸ். 100 என்றால் இன்றும் பலருக்குக் கண் விரியும். எஸ்டி தயாரித்த மைசூர் தொழிற்சாலை 1996-ல் மூடப்பட்டது. ஆர்.எக்ஸ். 100 தயாரிப்பும் அதே ஆண்டில் நின்றது. இன்று அவற்றுக்குக் கொடுக்கும் விலை ஆசைக்கான விலை. அசல் உதிரி பாகத்துக்கு ஜே.சி. ரோடு, சிவாஜி நகர் என்று அலைய வேண்டியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை வண்டி வேறு. திங்கட்கிழமை வண்டி வேறு. தெருமுனை மெக்கானிக்கிடமே பாகம் கிடைக்கும் வண்டிதான் வேலைக்குப் போகிறவருக்கு ஏற்றது.

கணக்குப் போடுங்கள்

ஒரு வண்டி 24 ஆயிரம், இன்னொன்று 32 ஆயிரம் என்று வைத்துக்கொள்வோம். முதல் வண்டிக்கு இரண்டு டயர் 4 ஆயிரம், செயின் செட் 1,500, பாட்டரி 1,500, புகைக்கு எஞ்சின் வேலை 8 ஆயிரம். மொத்தம் 39 ஆயிரம் ஆகிறது. இரண்டாவது வண்டிக்கு சர்வீசும் கேபிளும் 1,500 என்றால் 33,500-தான். மலிவானது எது?

பெயர் மாற்றாமல் ஓட்டாதீர்கள்

29, 30-ம் எண் படிவங்களில் விற்பவரின் கையெழுத்தை வாங்கி, 30 நாளுக்குள் பெயர் மாற்றக் கொடுத்துவிட வேண்டும். இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் மாற்ற மனுக் கொடுக்க வேண்டும்.

விற்கிறவருக்கும் இது முக்கியம். வேலையை விட்டு ஊர் திரும்புகிறவர்கள் தெரிந்தவரிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். கைமாறிப்போன வண்டி விபத்தில் சிக்கினாலும், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், நஷ்டஈட்டுக்கு அவரே பொறுப்பு என்று சுப்ரீம் கோர்ட்டு 2018-ல் தீர்ப்பளித்தது. பத்து வருடச் சேமிப்பு ஒரு கையெழுத்தில் கரைந்துவிடக் கூடும்.

முதல் நாள் கையில் பணம் இல்லாமல் போக வேண்டும். பார்த்துவிட்டு வர வேண்டும். மறுநாள் நம்பிக்கையான மெக்கானிக்கை அழைத்துப் போக வேண்டும். "இன்றைக்கே முடித்தால்தான் இந்த விலை" என்று ஒருவர் அவசரப்படுத்தினால், அந்த அவசரம் அவருடையது. பணம் உங்களுடையது.