600உம் 900உம் 600900 ஆன கதை

தன்னாமுனையிலிருந்து காலை பஸ்ஸில் வந்து உயர்தர மாணவிகளுக்குத் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் படிப்பிப்பது என் வேலை. போன தவணையில் ஒரு பிள்ளை தன் வாப்பாவின் தயிர்க் கடைக்காக ஒரு சின்ன நிரலைப் பைத்தனில் எழுதி வந்தாள். காலை விற்பனை 600, மாலை விற்பனை 900 என்று கொடுத்தாள். திரையில் விழுந்த மொத்தம் 600900. வகுப்பே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. இரண்டு நாள் கழித்து, பாடத்தை மாற்ற முடியுமா என்று கேட்டு அவளுடைய உம்மா வந்தார்.

“டீச்சர், இவளுக்கு இங்கிலீஷ் குறைவு. அதாலதானே இது விளங்குதில்ல?”

அதனால் அல்ல. பைத்தனில் ‘இன்புட்’ என்ற கட்டளை, நாம் தட்டச்சுவது எதுவானாலும் அதை எழுத்துகளாகவே வாங்கிக்கொள்ளும். 600 என்பது அதற்குத் தொகை அல்ல. ஒரு ஆறும் இரண்டு பூச்சியமும் கோத்த சரம். இரண்டு சரங்களுக்கு நடுவே கூட்டல் குறி போட்டால் அது ஒன்றின் பின்னால் மற்றதை ஒட்டிவிடும். ‘இன்ட்’ என்று எழுதி முழு எண்ணாக மாற்றிய பிறகுதான் கணக்கு நடக்கும். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்களும் முதல் வாரத்தில் விழுகிற குழி இது.

ஆங்கிலத்தைப் பற்றி உம்மாவிடம் சொன்னதை மற்றப் பெற்றோருக்கும் சொல்கிறேன். இன்றைய பைத்தனில் ஒதுக்கப்பட்ட சொற்கள் 35. முதல் வருடத்தில் அவற்றில் பாதிகூடத் தேவைப்படாது. மாறிகளுக்கு ‘விலை’, ‘மொத்தம்’ என்று தமிழிலேயே பெயர் வைக்கலாம். பைத்தன் 3 ஏற்றுக்கொள்ளும். முத்தையா அண்ணாமலை உருவாக்கிய ‘எழில்’ மொழியில் கட்டளைகளே தமிழ்தான். அதில் நிபந்தனை முன்னே வரும், ‘ஆனால்’ பின்னே வரும், நாம் பேசுவது போலவே. பரீட்சைக்கு அது வராது. ஆனாலும் நிபந்தனை என்றால் என்னவென்று விளக்க நான் அதைத்தான் முதலில் கரும்பலகையில் எழுதுவேன்.

ஆங்கிலம் உண்மையில் தேவைப்படும் இடம் பிழைச் செய்தி. சிவப்பு எழுத்தைக் கண்டதும் பிள்ளைகள் எல்லாவற்றையும் அழித்துவிடுகிறார்கள். அழிக்க வேண்டாம். கடைசி வரியை முதலில் வாசியுங்கள். என்ன வகைப் பிழை என்று அங்கே இருக்கும். பிறகு வரி எண்ணைப் பாருங்கள். அந்த வரியில் ஒன்றும் இல்லையென்றால் அதற்கு மேல் வரியையும் பாருங்கள். அடைப்புக்குறியை மூட மறந்தால் பழைய பதிப்புகள் பெரும்பாலும் அடுத்த வரியைத்தான் குற்றம் சொல்லும். நம் பாடசாலைக் கணினிகளில் இருப்பவை பழைய பதிப்புகளே.

ஒற்றைச் சமக்குறி பெறுமானத்தை வைப்பதற்கு, இரட்டைச் சமக்குறி ஒப்பிடுவதற்கு. 1 முதல் 5 வரை என்று ‘ரேஞ்ச்’ கொடுத்தால் அது 4 உடன் நின்றுவிடும். இவற்றை எத்தனை தரம் கேட்டாலும் எனக்கு அலுப்பில்லை.

வீட்டில் கணினி இல்லையே என்பார்கள். கொப்பியில் ஒவ்வொரு மாறிக்கும் ஒரு நிரல் கீறி, வரிக்கு வரி பெறுமானத்தை எழுதிப் பாருங்கள். அந்தப் பிள்ளையும் அப்படித்தான் தன் பிழையைத் தானே கண்டுபிடித்தாள்.

1500 வந்தது. பாடத்தை மாற்றவில்லை. திங்கட்கிழமை புதுக் கேள்வியோடு நின்றாள்: “டீச்சர், 75.50 என்று கொடுத்தால் ‘இன்ட்’ ஏன் பிழை என்கிறது?”