மின்கலம் இல்லாத தூதன்

மணிமங்கலத்திலிருந்து வடமேற்கே ஸ்ரீபெரும்புதூருக்குச் சென்று பெங்களூர் நெடுஞ்சாலையில் ஏறும் லாரி, சுங்கச்சாவடியை நெருங்குகிறது. அதன் முன்கண்ணாடியில் ‘பாஸ்டேக்’ என்னும் மெல்லிய சீட்டு ஒட்டப்பட்டிருக்கிறது. காசு கைமாறவில்லை, ஆயினும் தடைக்கம்பம் உயர்கிறது. 2021ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நம் தேசிய நெடுஞ்சாலைகளில் இக்காட்சி பொதுவிதியாகிவிட்டது.

நேயர்களே, அச்சீட்டினுள் மின்கலம் கிடையாது. பின் அது பேசுவது எங்ஙனம்?

சாவடியிலுள்ள கருவி, வினாடிக்குச் சுமார் 86 கோடி முறை அதிரும் வானொலி அலைகளை அனுப்புகிறது. சீட்டிலுள்ள உலோக இழை அவ்வலையிலிருந்து சிறிது மின்சாரத்தைப் பெறுகிறது. ஒரு வாட்டைப் பத்து லட்சம் கூறாக்கினால், அவற்றுள் ஏறத்தாழப் பத்துக் கூறே அதன் சில்லுக்குப் போதும். மின்கலமின்றியே ஒலித்த பழைய படிக வானொலியும் இவ்வாறே அலையை உண்டு வாழ்ந்தது.

சிறுவன் ஒருவன் கண்ணாடித் துண்டால் வெயிலை எதிர்ச்சுவரில் ஆடவிடுகிறான். ஒளி அவனுடையதன்று, ஆட்டம் மட்டுமே அவனுடையது. சீட்டும் வந்த அலையையே கூட்டியும் குறைத்தும் திருப்பி, தன் எண்ணைச் சொல்கிறது. இம்முறையை 1948இல் ஹாரி ஸ்டாக்மன் என்பார் ஒரு கட்டுரையில் விளக்கினார்.

சீட்டுடன் வெப்பம் உணரும் உறுப்பொன்றை இணைத்தால், அது வெப்பநிலையையும் சொல்லும். ஒரகடம் போன்ற தொழிற்பகுதியில், கம்பி இழுக்கவியலாத சுழலும் இயந்திரப் பாகங்களுக்கு இது பெரும் உதவியாகலாம். ஆயிரக்கணக்கான மின்கலங்களை மாற்றும் தொல்லையும் இராது. ஆனால் தொலைவு இருமடங்கானால் கிடைக்கும் ஆற்றல் நான்கில் ஒன்றாகும். ஆதலின் இதன் எல்லை சில மீட்டர்களே.

எச்சரிக்கை ஒன்றும் உண்டு. மாஸ்கோவில் அமெரிக்கத் தூதருக்கு 1945இல் அளிக்கப்பட்ட மரச்சின்னம் ஒன்று அவர் இல்லத்தில் தொங்கியது. வெளியிலிருந்து அலை பாய்ச்சியபோதெல்லாம் அது அறையின் பேச்சை வெளியே அனுப்பியது. அதனுள்ளும் மின்கலம் இல்லை, 1952இல்தான் அகப்பட்டது.

உணவளிப்பவன் எவனாயினும் அவனுக்கு மறுமொழி கூறுவதே இத்தூதனின் இயல்பு. கேட்பவன் உரியவன்தானா என்று சோதிக்கவும் மின்சாரம் வேண்டும். கிடைக்கும் துளி ஆற்றலில் ஒரு பங்கை அச்சோதனைக்கு ஒதுக்காவிடில், இயந்திரங்களின் இரகசியம் மதிலுக்கு அப்பாலும் செல்லும். சிக்கனத்தின் பெயரால் அப்பங்கை வெட்டிவிடலாகாது.