கட்டளை முதலில் கண்ணுக்கு!

துணி முழக்கணக்கில்தான் விற்கப்படுகிறது. அதைச் சுற்றி எழுப்பப்படும் கூச்சலோ காததூரம் கேட்கிறது! இஸ்லாமியப் பெண் தலையை மூடினால் ஒரு சாரார் பதறுகின்றனர். மூடாவிட்டால் வேறொரு சாரார் பதறுகின்றனர். இரு சாராரிலும் முன்வரிசையில் நின்று முழங்குவோர் ஆடவர்களே! உடுத்துகிறவளை ஒரு வார்த்தை கேட்போமே என்ற எண்ணம் மட்டும் இவர்களுக்கு எழுவதில்லை.

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் செல்லும் பேருந்திலே ஒரு காலைப்பொழுது ஏறிப் பாருங்கள், தோழர்களே! களையெடுக்கப் போகும் தாய், வெயிலுக்கு முந்தானையைத் தலைமேல் இழுத்து விட்டிருப்பாள். மாதா கோயிலுக்குப் போகும் மூதாட்டியும் முக்காடிட்டிருப்பாள். துப்பட்டா அணிந்த மாணவியும், பக்கத்திலே புர்கா அணிந்த அவள் தோழியும் ஒரே பாடநூலைப் புரட்டிக் கொண்டிருப்பார்கள். வேட்டி, கைலி, கால்சட்டை எல்லாம் ஒரே கம்பியைப் பிடித்துத் தொங்கும். நடத்துநர் கேட்பது, "எங்கே இறங்கணும்?" என்பதை, "எந்த மதம்?" என்பதை அல்ல!

இது நேற்று முளைத்த நேசமா? இதே மாவட்டத்துச் செஞ்சிக் கோட்டைக்குப் போனால், வேங்கடரமணர் கோயிலும் சாதத்துல்லாகான் பள்ளிவாசலும் ஒரே மலையடிவாரத்திலே நிற்பதைக் காணலாம். கல்லும் சுண்ணாம்பும் முந்நூறாண்டுகளாகக் கற்றுவைத்திருக்கும் பண்பை, கற்றவர் எனப்படுவோர் சிலர் இன்று கைவிடப் பார்க்கின்றனர். ஆகவே சிலவற்றைத் தெளிவாகப் பேசித் தீரவேண்டியிருக்கிறது.

இஸ்லாத்தில் உடை ஒழுக்கம் என்றதும், பெரும்பாலோர் நெஞ்சிலே எழுவது பெண்ணின் கறுப்புத் துணி. அது பெண்ணுக்கு மட்டும் போடப்பட்ட சட்டம் என்பது பலரின் எண்ணம். திருக்குர்ஆனின் 24ஆம் அத்தியாயத்தைத் திறந்து பார்க்கட்டும். 30ஆம் வசனம் ஆணை நோக்கிப் பேசுகிறது: பார்வையைத் தாழ்த்திக்கொள், ஒழுக்கத்தைக் காத்துக்கொள் என்கிறது. அதற்கு அடுத்த 31ஆம் வசனத்திலேதான் பெண் அழைக்கப்படுகிறாள். அவளுக்கும் அதே பார்வை, அதே ஒழுக்கம். அதன் பிறகே முந்தானையால் மார்பை மறைப்பது பற்றிய பேச்சு வருகிறது. முதற்கட்டளை ஆணுக்கு, அதிலும் அவன் கண்ணுக்கு! உடை வருவதோ பின்னால்.

உடையிலும் ஆணுக்கு விலக்கு இல்லையா? உண்டு. தொப்புள் முதல் முழங்கால் வரை மறைத்தே ஆகவேண்டும் என்பது மார்க்க அறிஞர் பெரும்பாலோர் வகுத்த எல்லை. உடலை அச்செடுத்தாற்போல் இறுக்கிப் பிடிப்பதும், ஊடே உடல் தெரியும்படி மெல்லியதாயிருப்பதும் இருபாலர்க்கும் ஆகாது. பட்டும் பொன்னும் பெண்ணுக்கு உண்டு, ஆணுக்கு இல்லை. செருக்கால் ஆடையைத் தரையிலே புரளவிட்டு நடப்பதை நபிகள் நாயகம் கண்டித்தார். பெண்ணின் முகமும் முன்கைகளும் மூடப்பட வேண்டுமா என்பதிலே அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டு. ஹஜ்ஜுக்கு இஹ்ராம் பூணும் பெண்ணோ முகத்திரை கட்டலாகாது. அந்த ஹஜ்ஜிலே ஆண்களுக்குத் தைக்கப்படாத இரண்டு வெள்ளைத் துணிகள்தாம். அரசனுக்கும் அவைதாம், அவன் வீட்டு வேலையாளுக்கும் அவைதாம். சாதிக்கொரு துணி கண்ட நாட்டிலே வாழும் நமக்கு, அந்தக் காட்சியின் அருமை நன்றாகவே விளங்கும்.

சட்டம் இப்படி. நடப்பு எப்படி? பொன் ஆணுக்கு ஆகாது என்பது மறந்துபோய், மாப்பிள்ளைக்குச் சங்கிலி எத்தனை பவுன் என்று பேரம் பேசுகின்றனர் சிலர். மணமகன் மணமகளுக்குத் தரவேண்டிய மஹர் சில நூறாகச் சுருங்க, அவள் வீட்டிலிருந்து வரும் கைக்கூலி இலட்சங்களாகப் பெருகுகிறது. அப்போதெல்லாம் உறங்கும் மார்க்கப்பற்று, பெண்ணின் முக்காடு ஓரங்குலம் நழுவியதும் விழித்துக்கொள்கிறதே! என்ன நீதி இது?

இஸ்லாமியரை மட்டும் சொல்லி மற்றவர் தப்ப வேண்டாம். பேருந்து நிலையத்தூணில் சாய்ந்துகொண்டு, போகிற வருகிற பெண்களை அடிமுதல் முடிவரை அளக்கிறானே வாலிபன், அவனுக்கு எந்த மதமும் உண்டு. ஒரு பெண்ணுக்குத் தீங்கு நேர்ந்தால், "அவள் என்ன உடுத்தியிருந்தாள்?" என்று முதற்கேள்வி கேட்கிறாரே பெரியவர், அவர் எல்லா ஊரிலும் இருக்கிறார். கடிவாளம் கண்ணுக்கு வேண்டும் என்றால், கைதட்டுவோரைக் காணோம். துணி பெண்ணுக்கு வேண்டும் என்றால், தலையசைக்காதார் இல்லை!

துணியின் கதை தமிழர்க்குப் புதிதா? தென் திருவிதாங்கூரிலே சாணார் குலத்துப் பெண்கள் மார்பை மறைக்கலாகாது என்று மேல்சாதி ஆணவம் சட்டம் பேசிய காலம் இருந்தது. மறைத்தவர்களின் சீலை தெருவிலே கிழிக்கப்பட்டது. அரை நூற்றாண்டுப் போராட்டத்துக்குப் பின் 1859இல்தான் மன்னரின் பிரகடனம் வந்தது. அப்போதும் உயர்சாதிப் பெண்களைப் போல் உடுத்தலாகாது என்ற வாலோடுதான் வந்தது. ஆண்களுக்கு மட்டும் என்ன வாழ்ந்தது? தோளிலே கிடக்க வேண்டிய துண்டு, ஆண்டையைக் கண்டதும் இடுப்புக்கு இறங்கியது. அதைத் தோளுக்கு ஏற்றிவைத்தது சுயமரியாதை இயக்கம். சீலையைக் கிழித்த கைக்கும், துண்டை இறக்கச் சொன்ன வாய்க்கும் எண்ணம் ஒன்றுதான்: உன் உடம்பின்மேல் உள்ள துணிக்கும் நாங்களே எசமானர்!

அந்தக் கை 2022இல் மீண்டும் நீண்டது. கர்நாடகத்து உடுப்பியிலே, அரசு மகளிர் கல்லூரி மாணவியர் ஹிஜாபுடன் வகுப்பறைக்குள் நுழையலாகாது எனத் தடுக்கப்பட்டனர். பிப்ரவரி 5ஆம் நாள் அரசாணை பிறந்தது. மார்ச் 15ஆம் நாள் கர்நாடக உயர்நீதிமன்றம் அதை ஏற்றது. ஹிஜாப் இஸ்லாத்தின் இன்றியமையாத பழக்கமல்ல என்றது. அக்டோபர் 13ஆம் நாள் உச்சநீதிமன்றத்தின் இரு நீதிபதிகளும் இருவேறு தீர்ப்பளித்தனர். நீதியரசர் ஹேமந்த் குப்தா தடையை ஏற்றார். நீதியரசர் சுதான்ஷு தூலியா, இது அந்தப் பெண்ணின் விருப்பத்தைச் சார்ந்தது என்று கூறித் தடையை நீக்கினார். பெண்ணின் படிப்பை எண்ணிப் பார்த்தார். வழக்கு பெரிய அமர்வை நோக்கி அனுப்பப்பட்டது.

அதே 2022 பிப்ரவரி 19ஆம் நாள், நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலின்போது, மதுரை மாவட்டம் மேலூரிலே என்ன நடந்தது? ஹிஜாபுடன் வாக்களிக்க வந்த பெண்ணைப் பார்த்து, அதைக் கழற்ற வேண்டும் என்று கூச்சலிட்டார் பா.ஜ.க.வின் வாக்குச்சாவடி முகவர். எதிர்த்தவர் யார்? அங்கிருந்த தி.மு.க. முகவரும் அ.தி.மு.க. முகவரும்! ஒன்றிலே ஒன்றுபடாத இருவரும் இதிலே ஒன்றுபட்டனர். கூச்சலிட்டவர் வெளியேற்றப்பட்டார், வாக்குப்பதிவு தொடர்ந்தது. இதுதான் தமிழ்நாடு!

இழுத்துக் கழற்றுவது கொடுமை என்றால், இழுத்துப் போர்த்துவது மட்டும் அருளா? ஈரானைப் பாருங்கள். 1936இல் ரெசா ஷா ஆணையிட்டார், முக்காட்டைக் கழற்று என்று. காவலர் தெருவிலே பெண்களின் முக்காட்டைப் பறித்தனர். 1979 புரட்சிக்குப் பின் ஆட்சி மாறியது. முக்காடு போடு என்றது. போடாதவளைப் பிடிக்க அதற்கும் காவலர்! 2022 செப்டம்பரில், உடை விதியை மீறினாரென்று தெகரானிலே பிடித்துச் செல்லப்பட்ட 22 வயது மாசா அமினி, பிணமாகத்தான் திரும்பினார். அரசுகள் இரண்டு, ஆணைகள் இரண்டு. அடிபட்டவள் ஒருத்தி, அவள் பெண்!

"பகுத்தறிவு பேசும் நீங்கள் முக்காட்டுக்கு வக்காலத்து வாங்குவதா? கோஷாவைப் பெரியார் கண்டிக்கவில்லையா?" என்று குறுக்கே ஒரு கேள்வியைப் போடுகின்றனர். கண்டித்தார், மறைக்கவில்லை நாம். தாலியையும் கண்டித்தார், நகைப்பித்தையும் கண்டித்தார், பெண்கள் முடியைக் குறைத்துக்கொண்டு எளிய உடை உடுத்தட்டும் என்றும் சொன்னார். எதைக் கொண்டு? நாவைக் கொண்டு, எழுதுகோலைக் கொண்டு. தாலியைக் கழற்றும்வரை பள்ளிக்கூடம் வராதே என்று எந்தப் பெண்ணையும் தெருவில் நிறுத்தச் சொன்னாரா? அறிவை எழுப்பிவிட்டு, முடிவை அவளிடமே விட்டார். அந்த வழியிலே நிற்கும் நாம் முக்காட்டுக்கு வாதாடவில்லை. முக்காட்டுக்குள் இருக்கும் மூளைக்கு வாதாடுகிறோம்! அது கல்லூரிக்குள் நுழையட்டும். படித்தபின் முக்காட்டை வைத்துக்கொள்வதோ விலக்குவதோ அவள் பாடு.

தலையிலே துணி இருந்தால் தமிழ்நெஞ்சம் இராதோ? கண்ணியமிகு காயிதே மில்லத் தொப்பியணிந்தவர்தாம். அரசியல் நிர்ணய சபையிலே தமிழை ஆட்சிமொழியாக்க வேண்டுமென்று வாதாடியவரும் அவர்தாம். தொப்பி அவர் தமிழுக்குத் தடையாக இருந்ததா?

விழுப்புரத்து அரசு கலைக் கல்லூரிக்கு அறிஞர் அண்ணாவின் பெயர். திண்டிவனத்து அரசு கலைக் கல்லூரிக்கு, 1967இல் அண்ணாவின் அமைச்சரவையில் வேளாண்மைத் துறை ஏற்ற ஆ. கோவிந்தசாமியின் பெயர். கழகம் அந்த வாயில்களைத் திறந்தது எவருக்காக? எழுத்து மறுக்கப்பட்ட வீட்டுப் பிள்ளைகள் அத்தனை பேருக்காகவும். 2007இல் கலைஞர் ஆட்சியிலே பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு இடஒதுக்கீடு வந்ததும், அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி சேரும் பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022இல் வந்ததும் அதே நோக்கத்தால். இத்தனையும் செய்துவிட்டு, வாயிலிலே ஒருவன் நின்று துணியை அளக்க விடுவோமா?

இஸ்லாமியத் தோழர்களே! உங்கள் மகளுக்குத் துணி எடுக்கும் அக்கறையிலே பாதியை, உங்கள் மகனுக்குப் பார்வையைத் தாழ்த்தக் கற்பிப்பதிலே காட்டுங்கள். மார்க்கம் அவனைத்தான் முதலில் கூப்பிட்டிருக்கிறது. மாற்றுச் சமயத் தோழர்களே! பக்கத்து வீட்டுப் பெண்ணின் தலைத்துணி உங்கள் தலைவலி அல்ல. அவள் தலையெழுத்தைப் படிப்பு மாற்றட்டும். தங்கைகளே! எதை உடுத்துவது என்பதை எவரும் உங்களுக்குக் கட்டளையிட வேண்டாம். எதைப் படிப்பது என்பதையும்தான்!

துணியை விட்டுத் தள்ளுவோம். கண்ணைத் திருத்துவோம், வாயிலைத் திறப்போம்!