காத்மாண்டுவின் மின்சார டெம்போ

மின்சார வாகனம் என்பது செல்வந்த தேசங்களின் வீதிகளிலே ஓடிப் பழகிய பின்னரே எளிய நாடுகளுக்கு வந்து சேர்ந்தது என்று எண்ணுகிறீர்களா? அப்படியாயின், மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கிலே அமைந்திருக்கும் நேபாளத் தலைநகரான காத்மாண்டுவுக்குச் சற்றே வாருங்கள்.

டீசலில் ஓடிய மூன்று சக்கர 'விக்ரம்' டெம்போக்கள் கக்கிய கரும்புகை, வெளியேற வழியின்றி அப்பள்ளத்தாக்கிலேயே தேங்கி, ஜனங்களின் சுவாசத்தைத் திணறடித்து வந்த தொண்ணூறுகளிலேயே, பாட்டரியால் இயங்கும் 'சஃபா டெம்போ' அங்கே ஓடத் தொடங்கிவிட்டது. 1999-ஆம் ஆண்டில் அரசாங்கம் அந்த டீசல் டெம்போக்களை விலக்கிவிடவே, சஃபா டெம்போவுக்கு மேலும் நல்ல காலம் பிறந்தது. பிரயாணிகள் முழங்காலோடு முழங்கால் இடிக்க எதிரெதிரே அமர்ந்து செல்லும் இந்தச் சிறு வண்டி, பாட்டரியின் சக்தி தீர்ந்ததும், நிலையத்திலே அதைக் கழற்றி வைத்துவிட்டு, சார்ஜ் ஏற்றிய வேறொன்றைப் பூட்டிக்கொண்டு மறுபடியும் சவாரிக்குப் புறப்பட்டுவிடும். இவ்வண்டிகளின் சாரதிகளுள் பெண்கள் ஏராளமாக இருப்பதும், அவர்களுடைய சம்பாத்தியத்தால் பல குடும்பங்கள் தலைநிமிர்ந்ததும் நம் மனத்துக்குப் பெரிதும் உவகை அளிக்கும் செய்தியாகும்.

பெட்ரோலையும் டீசலையும் அயல்நாட்டிலிருந்தே வாங்க வேண்டிய நேபாளத்துக்கு, மின்சாரத்தைப் பெரும்பாலும் தருபவை அதன் சொந்த நதிகளே அல்லவா? ஆகையால், ஐசுவரியம் சேர்ந்த பிறகுதான் சுத்தமான காற்றை நாட வேண்டும் என்ற நியதி எந்தத் தேசத்துக்கும் இல்லை.